இடப்பக்கத்து நாற்பது நாற்காலிகள்

"பாதிக்குப் பாதின்னா எப்படிங்க? காலைல அந்தப் பூவை நீங்க புதுசா பார்ப்பீங்க. சாயங்காலம் நான் பார்க்கும்போது அது தலையைத் தொங்கப் போட்டுட்டு நிக்கும். மூணுல ஒரு பங்குதான் தருவேன்."

"எனக்கே காதுல பூ சுத்துறியாடி? ஹால் முழுக்க ஏசி. பூ வாடாது, நீதான் வாடிப் போயிருக்கே."

"சுத்துறதுக்காவது பூ மிச்சம் இருக்கணுமே மேடம். உங்க வீட்டு வாண்டுங்க பிய்ச்சு எறிஞ்சது போக."

"மேடம்னு கூப்பிட்டா பேரமே கிடையாது. என் தங்கச்சி பொண்ணு என்னைப் பெரியம்மான்னு கூப்பிடுறா. நீயும் அப்படியே கூப்பிடு, அப்புறம் பார்க்கலாம்."

மேசைக்கு அந்தப் பக்கம் மண்டப மேலாளர் கொட்டாவியை விழுங்கினார். வினை அவரே தேடிக்கொண்டது. ஒரே ஞாயிற்றுக்கிழமையில் ஒரே மண்டபத்தில் இரண்டு கல்யாணம். காலையில் இந்தப் பெரியம்மாளின் தங்கை மகளுக்கு, மாலையில் கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்க்கும் இந்தப் பெண்ணுக்கு. அலங்காரத்தை இரண்டு முறை செய்வானேன், சேர்ந்து செய்தால் செலவு குறையுமே என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார். அவர் நீட்டியது கயிற்றின் நுனி. இவர்கள் அதில் ஊஞ்சலே கட்டிவிட்டார்கள். பூவில் தொடங்கியது பாட்டுக்காரர்களுக்குப் போய், போட்டோக்காரருக்குப் போய், கடைசியில் குழந்தைகளுக்காக வரும் மேஜிக்காரர் வரை போயிற்று. மேஜிக்காரர் மட்டும் கொஞ்சம் மூக்கால் அழுதார். "புறா அதே புறாதானே? ரெண்டாவது தடவை பறக்குறதுக்கு அது தனியா சம்பளம் கேட்குதா?" என்று பெரியம்மா கேட்டதும் அடங்கிவிட்டார்.

மேடைப் பலகையில் மணமக்கள் பெயரை எழுதினால் மத்தியானம் மாற்ற வேண்டும். அதற்குத் தனிக் கூலி.

"பேரே வேண்டாம்" என்றாள் பெரியம்மா. "யாரு கல்யாணம்னு தெரியாமலா வந்து சாப்பிடப் போறாங்க?"

'மணமக்கள் வாழ்க' என்று மட்டும் எழுதுவதென முடிவாயிற்று. இந்த ஒன்றில்தான் இருவரும் சண்டை போடவில்லை.

போட்டோக்காரர் தன் தாளை எடுத்தார். "குடும்ப போட்டோ எத்தனைன்னு சொல்லிடுங்க. சாயங்காலம் மாப்பிள்ளை பக்கம் எட்டு. பொண்ணு பக்கம்?"

"ஒண்ணு" என்றாள் லென்ஸ் தேய்ப்பவள். உடனே, "மூணு போட்டுக்கோங்க" என்றாள்.

பெரியம்மாளின் கண்ணாடி மூக்கின் நுனிவரை வழுக்கியிருந்தது. அதற்கு மேலாக அவள் பார்த்த பார்வையை இவளால் தாங்க முடியவில்லை.

"கழட்டிக் கொடுங்க பெரியம்மா, திருகு லூஸா இருக்கு" என்று பையிலிருந்து தீக்குச்சி அளவு திருப்புளியை எடுத்தாள். இரண்டு திருகு திருகி, காதுப்பக்கக் கம்பியை விரலால் லேசாக வளைத்து, ஊதித் துடைத்து நீட்டினாள்.

பெரியம்மா மாட்டிக்கொண்டு தலையை ஆட்டிப் பார்த்தாள். கண்ணாடி அசையவில்லை.

"இதுக்குக் காசு கேட்பியா?"

"பூவுல கழிச்சுக்கோங்க."

பெரியம்மா சிரித்தாள். பூவில் மூன்றில் ஒரு பங்கு என்று முடிந்தது.

லென்ஸ் தேய்ப்பவளைப் பார்த்த எல்லோரும் சிக்கனக்காரி என்றார்கள். உண்மை அதுவல்ல. பேரம் பேசிக்கொண்டிருக்கும் நேரத்தில் வேறு எதையும் நினைக்காமலிருக்க முடிந்தது. பூவுக்கும் பாட்டுக்கும் மாறி மாறி ஆள் தேடிய இரண்டு மாதமும் அப்படித்தான் போயின. யோசிக்க நேரம் கிடைத்தால் நாற்பது நாற்காலிகள் கண்முன் வந்து நின்றுவிடும்.

மண்டபத்தில் நடுவே ஒரு பாதை. வலப்பக்கம் மாப்பிள்ளை வீட்டார், இடப்பக்கம் பெண் வீட்டார். மாப்பிள்ளை லிப்ட் பழுது பார்ப்பவன். கடை இருந்த கட்டடத்தில் லிப்ட் அடிக்கடி நின்றதால்தான் இந்தக் கல்யாணமே. முதல் சந்திப்பில் அவன் அம்மா ஆசையாகக் கேட்டாள்: "உங்க பக்கம் எத்தனை பேரும்மா வருவாங்க? சாப்பாட்டுக்குச் சொல்லணும்." அவள் நாற்பது என்றாள். சொன்னபோது அது பொய் இல்லை. அப்பா, அம்மா, அண்ணன், இரண்டு சித்தி குடும்பங்கள், மாமாக்கள் என்று விரல்விட்டு எண்ணித்தான் சொன்னாள்.

அந்த வாரமே அப்பா சொல்லிவிட்டார். "நீயா பார்த்துக்கிட்டே, நீயே பண்ணிக்கோ. எங்க வீட்டு ஆள் ஒருத்தர் கால் அந்த வாசல்ல படாது." அவர் சொன்ன சொல் மற்ற எல்லோருக்கும் கதவுக்குப் போட்ட தாழ்ப்பாள் மாதிரி. சின்னச் சித்தி போனை எடுத்து மூச்சு மட்டும் விட்டாள். அண்ணன், "ராங் நம்பர்" என்று வைத்தான், அவள் குரலைக் கேட்ட பிறகு.

லிப்ட்காரனுக்கு எல்லாம் தெரியும். அவன் அம்மாவுக்குத் தெரியாது. வாடகை நாற்காலிக்காரனுக்கு வலப்பக்கம் நூறு, இடப்பக்கம் நாற்பது என்று எழுதிக் கொடுத்தபோது லிப்ட்காரன் தயங்கினான்.

"இடப்பக்கத்தை எடுத்துடச் சொல்லலாமா? எங்க ஆளுங்களையே ரெண்டு பக்கமும் உட்கார வெச்சுடலாம்."

"உங்க அத்தைங்க எங்கே உட்கார்ந்தாலும் உங்க அத்தைங்கதான். அம்மா ஒரே பார்வையில கண்டுபிடிச்சுடுவாங்க."

"சொல்லிடலாமே."

"சொன்னா பாவப்படுவாங்க. முதல் நாளே அவங்க பாவப்பட்டு என்னை வீட்டுக்குள்ள கூட்டிட்டுப் போகணுமா?"

நாற்பது நாற்காலிக்கும் நாற்பது சாப்பாட்டுக்கும் பணம் கட்டினார்கள். மற்ற எல்லாவற்றிலும் மிச்சம் பிடித்தவள் இந்த ஒன்றில் ஒரு காசு குறைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு அவள் உடைப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மண்டபத்துக்கு வந்தாள். காலைக் கல்யாணம் முடிந்து, மணமக்கள் கிளம்பிவிட்டிருந்தார்கள். பூ வாடவில்லை. பெரியம்மா சொன்னது சரிதான். மேடைக்குக் கீழே இரண்டு பாட்டுக்காரர்களும் எதிரெதிரே உட்கார்ந்து தொண்டைக்கு வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். பலகையில் பெயரில்லாத வாழ்த்து அப்படியே இருந்தது, யாருக்கும் பொருந்தும் சட்டை போல.

இடப்பக்கம் மட்டும் இன்னும் காலியாகவில்லை. காலைப் பெண்ணின் சொந்தக்காரர்கள் சாப்பிட்டுவிட்டு அங்கேயே சாய்ந்திருந்தார்கள். ஒரு தாத்தா வாயைத் திறந்து தூங்கினார். மூன்று பெண்கள் செருப்பைக் கழற்றிவிட்டு நான்காவது ஒருத்தியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். குழந்தைகள் நாற்காலிகளுக்கு அடியில் புகுந்து புகுந்து வந்தன.

"ஏன் யாரும் கிளம்பல?" என்று மேலாளரைக் கேட்டாள்.

"பஸ் இருக்கு, டிரைவர்தான் தூங்குறாரு. அந்தப் பெரியம்மா பஸ்ஸை ராத்திரி வரைக்கும் பேசிட்டாங்க. அரை நாளுக்கும் முழு நாளுக்கும் ஒரே வாடகையாம். அரை நாள்ல திருப்பி அனுப்பினா நஷ்டமாம்." மேலாளர் கடிகாரத்தைப் பார்த்தார். "எழுப்பிக் கிளப்பிடுறேன். நாலு மணிக்கு உங்க ஆளுங்க வந்துடுவாங்க இல்ல?"

அவள் தலையாட்டினாள்.

மேஜிக்காரர் புறாக் கூண்டோடு பின்னாலேயே வந்தார். "மணப்பொண்ணு நீங்கதானே? கடைசி அயிட்டம் கயிறு. பொண்ணு வீட்டு ஆள் ஒருத்தர், மாப்பிள்ளை வீட்டு ஆள் ஒருத்தர், ரெண்டு பேர் கையையும் சேர்த்துக் கட்டி அவிழ்ப்பேன். அதுலதான் கைதட்டு விழும். உங்க பக்கம் யாரு மேலே வர்றாங்கன்னு இப்பவே சொல்லிடுங்க. ரகசியத்தைச் சொல்லி வைக்கணும்."

"அவசியம் வேணுமா?"

"ஒரு பக்கத்து ஆளை மட்டும் வெச்சு யாரோட கட்டுறது?"

நாலு மணிக்கு லிப்ட்காரனின் அம்மா வருவாள். வாசலில் நின்று முதலில் இடப்பக்கம்தான் பார்ப்பாள், சம்பந்தியைத் தேடி. அதற்கு இரண்டு மணி நேரம்கூட இல்லை.

பெரியம்மா சமையலறை வாசலில் நின்றிருந்தாள். மீந்துபோனதையெல்லாம் டப்பாக்களில் அடைத்து, மூடி சரியாக மாட்டியிருக்கிறதா என்று தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணாடி மூக்கில் நின்ற இடத்தில் நின்றது.

"வந்துட்டியா? பூவைப் பார்த்தியா? ஒரு இதழ் வாடல. பேசாம பாதிப் பங்கு வாங்கியிருக்கணும் உன்கிட்ட." டப்பாவைக் கீழே வைத்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தாள். "ஏன்டி, சாப்பிடலியா? தனியாவா வந்தே? உங்க வீட்டு ஆளுங்க எங்கே?"

அவள் பையை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றினாள்.

"இன்னும் ஒண்ணே ஒண்ணு பேசணும் பெரியம்மா."

"மறுபடியும் பேரமா? எல்லாத்தையும் பங்கு போட்டாச்சே. இன்னும் என்ன பாக்கி?"

"நாற்பது பேருக்குச் சாப்பாடு சொல்லிப் பணமும் கட்டிட்டேன். சாப்பிட ஆள் இல்ல. எங்க வீட்டுல யாரும் வரமாட்டாங்க, ஒருத்தர்கூட. அவரோட அம்மாவுக்கு அது தெரியாது." குரல் கடையில் அளவு சொல்லும்போது இருப்பதைப் போலவே இருந்தது. "உங்க பஸ் ராத்திரி வரைக்கும் இருக்குன்னு மேலாளர் சொன்னாரு. உங்க ஆளுங்க இப்ப உட்கார்ந்திருக்குற இடத்துலேயே உட்கார்ந்திருந்தா போதும். யாரும் யார்கிட்டயும் எதுவும் சொல்ல வேண்டாம், கைதட்டினா போதும். அந்தக் கயிறு மேஜிக்குக்கு மட்டும் எங்க பக்கத்துலேருந்து ஒருத்தர் மேடைக்கு வரணும். நீங்க வருவீங்களா, பெரியம்மா?"