மூன்றாம் எழுத்துக்குப் பிறகு

பொம்மைகளுக்குள் குரல் வைப்பது என் வேலை. ஒரு பெண் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொல்வாள். அவள் மூச்சை வெட்டி, எச்சில் விழுங்கும் சத்தத்தை வெட்டி, மிச்சத்தைத் துண்டு துண்டாகப் பொம்மைக்குள் ஏற்றுவேன். பேசவே பிடிக்காதவனுக்குக் கிடைத்த வேலையைப் பார் என்று அக்கா சிரிப்பாள். அவள் வீட்டுப் பின்னறையில்தான் இருக்கிறேன். "ஊமைக்கோட்டான், சாப்பிட வா" என்பதுதான் அந்த வீட்டில் எனக்கு வரும் அழைப்பு.

அக்கா மகள் பொடிசும் என் வார்ப்புதான். ஐந்து வயது முடிந்துவிட்டது. எழுத்துகளைக் காட்டினால் தனித்தனியாகச் சரியாகச் சொல்வாள். சேர்த்துச் சொல் என்றால் வாயை மூடிக்கொண்டு நம் முகத்தைப் பார்ப்பாள். "எழுத்தெல்லாம் தெரியுது. ஒட்டத்தான் வரல. இன்னொரு வருஷம் இதே வகுப்புல இருக்கட்டுமே" என்றார் டீச்சர். திங்கட்கிழமை கடைசியாக ஒருமுறை படிக்கச் சொல்லிப் பார்ப்பாராம். கூட்டாளிகள் எல்லாரும் மேல் வகுப்புக்குப் போய்விட, இவள் மட்டும் சின்னதுகளோடு உட்கார்ந்திருப்பதை நினைத்து நினைத்து அக்காவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

"ஊர்ப் பிள்ளைங்களுக்கெல்லாம் படிக்கச் சொல்லித் தர்ற பொம்மை செய்யிற. சொந்த மருமக தடுமாறுறா. உனக்கு உறைக்குதா இல்லையா?"

உறைத்தது. எங்கள் எழுத்துப் பலகை ஒன்றை ஏற்கெனவே வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தேன். பள்ளங்களில் எழுத்து வில்லைகளை வைத்துப் பொத்தானை அழுத்தினால் ஒவ்வொரு எழுத்தின் அடியிலும் விளக்கு எரியும். ம. ர. ம். உடனே "மரம்!" என்று குரல் கூவும், கைதட்டும் ஓசை வரும். அந்த 'உடனே'வைச் சுருக்கச் சுருக்க ஆபீசில் எனக்குப் பாராட்டு. பொடிசு கேட்டுவிட்டுச் சிரிப்பாள், அடுத்த வில்லைகளை வைப்பாள். அவள் உதடு அசையவே அசையாது.

"ரேடியோ கேக்குற மாதிரில்ல கேக்குறா!" என்றாள் அக்கா.

போதாக்குறைக்குப் பலகைமேல் ஒரு நாள் தண்ணீர் கொட்டி அது வாயடைத்துப் போனது. சனிக்கிழமை சாயங்காலம் ஆபீசிலிருந்து கிளம்பும் அவசரத்தில் மேசையிலிருந்த வேறொரு பலகையை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு வந்தேன். எதை எடுத்தேன் என்று பார்க்கவில்லை.

மறுநாள் மதியம் பின்னறையில் படித்துக்கொண்டிருந்தேன். கூடத்தில் பலகை பேசியது. ம. ர. ம். அதன்பின் ஒன்றுமில்லை. மறுபடி அழுத்தும் சத்தம். ம. ர. ம். ஒன்றுமில்லை.

எனக்குப் புரிந்துவிட்டது. குரல் கொடுக்கும் பெண்ணுக்குத் தொண்டை கட்டியிருந்ததால் அந்தப் பலகையில் எழுத்துகளை மட்டும் ஏற்றியிருந்தேன். முழுச் சொல் வரவேண்டிய இடங்களில் எல்லாம் வெறும் நிசப்தத்தை வைத்திருந்தேன். இடத்தைக் காலியாக விட்டால் பலகை அங்கேயே நின்றுவிடும் என்பதால் எங்கள் வேலையில் எல்லாரும் செய்வதுதான். அந்த அரைகுறையைத்தான் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறேன், அதுவும் இன்றைக்கு.

வாங்கி வைத்துவிடலாம் என்று எழுந்து வாசற்படி வரை போனவன் நின்றுவிட்டேன்.

பொடிசு தரையில் காலை விரித்து உட்கார்ந்திருந்தாள். பலகையைத் தூக்கிக் காதில் வைத்துப் பார்த்தாள். தட்டினாள். கவிழ்த்தாள். மறுபடி நேராக வைத்து அழுத்தினாள். ம. ர. ம். விளக்கு மட்டும் மினுங்கியது. அவள் முகத்தில் நான் இதுவரை பார்க்காத ஒன்று வந்தது. கவலை.

"தெரியலையா?" என்றாள் அதனிடம், மெதுவாக.

அதன் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

"அழாத. நான் பாக்குறேன்."

முதல் வில்லையில் விரலை வைத்தாள். "ம..." விரல் நகர்ந்தது. "ர..." அப்புறம் அடுத்தது. "ம்."

அதன்பின் அமைதி. இரண்டு சொற்களுக்கு நடுவே இருக்கும் மௌனத்தை அளந்து வெட்டுவதே என் பிழைப்பு. இதை என்னால் அளக்க முடியவில்லை. அவள் கண் வில்லைகள்மேல்தான் இருந்தது, ஆனால் அவள் அங்கே இல்லை. எங்கேயோ போய் எதையோ தேடிக்கொண்டிருந்தாள். நான் மூச்சு விட்டால்கூட அது கலைந்துவிடும் போலிருந்தது.

"மர... ம்."

உதடு ஒருமுறை சத்தமில்லாமல் அசைந்தது.

"மரம்."

சொன்னதும் அவளே திடுக்கிட்டாள். எழுத்துகளைப் பார்த்தாள். ஜன்னலுக்கு வெளியே இருந்த மரத்தைப் பார்த்தாள். திரும்ப எழுத்துகளைப் பார்த்தாள். அவ்வளவு பெரிய மரம், கிளையும் நிழலும் காக்கையுமாக, மூன்று பிளாஸ்டிக் வில்லைகளுக்குள் இத்தனை நாள் எப்படி ஒளிந்திருந்தது? எத்தனையோ சொற்களைப் பொம்மைகளுக்குள் ஏற்றியிருக்கிறேன். ஒரு மனுஷிக்குள்ளிருந்து ஒரு சொல் முதன்முதலாக எழுந்து வருவதை அன்றுதான் பார்த்தேன்.

துவைத்த துணிகளை அள்ளிக்கொண்டு அக்கா உள்ளே வந்தாள்.

"என்னடா, பேசல? இதுவும் கெட்டுப்போச்சா? நாளைக்கு அந்த டீச்சர் முன்னாடி..."

அவள் வாயைக் கையால் பொத்தினேன். பிறந்ததிலிருந்து நான் அக்காவிடம் அப்படி நடந்துகொண்டதில்லை. அவள் விழி பிதுங்கி என்னைப் பார்த்தாள். நான் கண்ணால் காட்டினேன்.

பொடிசு வேறு வில்லைகளை வைத்திருந்தாள். ப. ல். லி. பலகை சொல்லி முடித்துவிட்டு விழித்தது.

"இதுவும் தெரியலையா? சரியான மக்கு!"

விரல் நகர்ந்தது. காத்திருந்தோம். என் உள்ளங்கைக்குள் அக்காவின் உதடு துடித்தது. பதில் அவள் நாக்கு நுனியில் நின்றது. அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

"பல்... லி. பல்லி! பல்லிடா! செவுத்துல ஓடுமே, வால் அறுந்தா துடிக்குமே, அது!"

அக்கா கையிலிருந்த துணி முழுக்கத் தரையில் விழுந்தது. அதன்மேலேயே உட்கார்ந்தாள்.

"அது சொல்லிக் குடுத்துச்சா?" என்றாள், காற்றாக.

"இல்லக்கா. எழுத்துக்கு அப்புறம் அது வாயே திறக்கல."

பிறகு பொடிசை நிறுத்த முடியவில்லை. பலகையை இடுப்பில் தூக்கிக்கொண்டு வீடு முழுக்க நடந்தாள். எண்ணெய் டப்பா, சோப்பு உறை, தீப்பெட்டி என்று பிறந்ததிலிருந்து அவளைச் சுற்றி வாய் மூடிக் கிடந்த பொருளெல்லாம் ஒவ்வொன்றாகப் பேச ஆரம்பித்தன. சிலதைத் தப்பாகப் படித்தாள். அவளே நின்று, யோசித்து, திருத்திக்கொண்டாள். பின்னாலேயே அக்கா முந்தானையை வாயில் கடித்தபடி நடந்தாள்.

பொழுது சாயும்போது மச்சான் வேலையிலிருந்து வந்தார். பெரிய கட்டடம் ஒன்றில் காவல் வேலை அவருக்கு. செருப்பைக் கழற்றியபடியே, "என்ன மாப்ள, வீட்டுல சத்தத்தையே காணோம்? உங்க அக்காவுக்கு உடம்பு சரியில்லையா?" என்றார்.

"உஷ்" என்றாள் அக்கா. "அப்படியே நில்லுங்க. பொண்ணு படிக்குறா."

"எதை?"

"உங்களத்தான்."

பொடிசு அவருக்கு முன்னால் நின்று அண்ணாந்து பார்த்தாள். சட்டைப் பைக்கு மேலே நீல நூலால் ஒரு சொல் தைத்திருந்தது. தினமும் அந்தச் சட்டைமேல் தொற்றிக்கொள்கிறவள்தான். மச்சான் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அவருக்கு என்ன புரிந்ததோ, போட்டோ எடுப்பவன் முன்னால் நிற்பதுபோல விறைத்து நின்றார். குனியவில்லை; குனிந்தால் எழுத்து மடிந்துவிடும்.

"பா... து..."

நீளமான சொல். பாதியில் நின்றாள். யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"நாளைக்கு டீச்சர்கிட்ட என்ன சொல்லப்போற?" என்று மச்சான் உதடு அசையாமல் அக்காவிடம் கேட்டார்.

"நான் எதுக்குச் சொல்லணும்?" என்றாள் அக்கா. "அவ சொல்லுவா. அதுவரைக்கும் அந்த டீச்சரும் காத்திருக்கட்டும்."

தெருவில் ஏதோ வண்டி போய் ஓய்ந்தது. மச்சான் மூச்சை இழுத்துப் பிடித்தார். நெஞ்சு விரிந்து எழுத்துகள் இன்னும் கொஞ்சம் நிமிர்ந்தன.

"கா..." என்றாள் பொடிசு.