பதினேழு நிமிடம்

மாதா கோயிலின் பக்கவாட்டுக் குழாயில் அஞ்சலாட்சி துண்டை நனைத்துக்கொண்டிருந்தாள். உள்ளே பூசை முடிந்து கடைசிப் பாட்டு நடந்துகொண்டிருந்தது. புருஷனுடைய சவப்பெட்டி பீடத்துக்கு முன்னால் இருக்கும்போது பெண்டாட்டி எழுந்து குழாயடிக்கு வந்ததை யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. பாவம், முகம் கழுவப் போகிறாள் என்று ஒதுங்கி வழிவிட்டார்கள்.

அவள் முகம் கழுவ வரவில்லை. கார் கிளம்பப் போகிறது, துண்டு நனைய வேண்டும். மூன்று வருடமாக அந்த வீட்டில் அதுதான் வழக்கம். ஜோசப் ஆனந்த் இறந்து இன்னும் முப்பது மணி நேரம் முழுசாக ஆகவில்லை, கை தன் பாட்டுக்கு வேலையைச் செய்தது.

அது ஆனந்தின் அப்பா தனிஸ்லாஸ் வாங்கிய பழைய பிரெஞ்சு கார். அசல் பெட்ரோல் பம்ப் எங்கே தேடியும் கிடைக்காமல், வேறொரு காரின் பம்பைத் தட்டி வளைத்து எஞ்சினோடு பொருத்தியிருந்தார் ஆனந்த். வேகமாகப் போனால் காற்றுப் பட்டு ஒன்றும் ஆகாது. வெயிலில் ஊர்ந்து போனால் பம்புக்குள்ளேயே பெட்ரோல் கொதித்து ஆவியாகிவிடும், எஞ்சின் இருமி நின்றுவிடும். அப்புறம் எந்தக் கொம்பன் வந்து இழுத்தாலும் கிளம்பாது. அதற்கு ஆனந்த் கண்டுபிடித்த வைத்தியம் ஈரத்துண்டு. பம்பைச் சுற்றிக் கட்டிவிட்டால் காந்தி சாலை நெரிசலில்கூட முனகாமல் போகும். இந்தச் சங்கதி உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். நேற்றிலிருந்து ஒருத்திக்கு.

சுவருக்கு அந்தப் பக்கம், கார் நின்ற வேப்ப மரத்தடியில், நெல்சனின் குரல் கேட்டது. ஆனந்தின் அண்ணன். மெதுவாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு பேசுகிறவர்.

"அடக்கம் முடிஞ்சதும் கார நேரா கருவடிக்குப்பத்துக்கு, நம்ம வூட்டுக்கு ஓட்டிட்டுப் போயிடறேன். நீ ஒரு ஆட்டோ புடிச்சு வந்துடு."

"அந்தப் பொண்ணாண்ட ஒரு வார்த்த கேக்க வேணாமா?" இது அவர் மனைவி வெரோனிகா.

"அவளுக்கு இன்னா தெரியும் காரப் பத்தி? எங்கப்பா காரு அது."

அஞ்சலாட்சி குழாயை மூடினாள். துண்டிலிருந்து தண்ணீர் சொட்டி அவள் காலை நனைத்தது.

அவளுக்கு என்ன தெரியும்? ஆனந்த் காருக்கு அடியில் படுத்துக்கொண்டு "அழுத்து… புடி… வுடு" என்று சொல்லச் சொல்ல, பிரேக் குழாயிலிருந்த காற்று அத்தனையும் வெளியேறும்வரை சாயங்காலம் சாயங்காலமாக பெடலை மிதித்தவள் அவள். பின்சீட்டைப் பிரித்தபோது எலிக்கூட்டை அள்ளிக் கொட்டியவள் அவள். கார்புரேட்டர் துளைகளைப் பல்குத்தும் குச்சியால் குத்தப் போனவரைத் தடுத்து, தையல் மிஷின் எண்ணெய்க் குப்பியின் மெல்லிய கம்பியை எடுத்துக் கொடுத்ததும் அவள்தான். லாஸ்பேட்டையில் ஏர்போர்ட் ரோட்டில் காலை ஐந்தரைக்கு ஓட்டிப் பழகியிருக்கிறாள். இரண்டாவது கியர் விழ எவ்வளவு பொறுக்க வேண்டும் என்பது அவள் உள்ளங்கைக்குத் தெரியும்.

இன்னொன்றும் தெரியும். ஒன்பது வருடத்துக்கு முன்னால் மாமியார் ஆனந்தமேரி நெல்சன் வீட்டில் இறந்தபோது, நெல்சன் போன் செய்து சொன்ன நேரம். "நாலரைக்குத்தான் எடுக்கறோம், பொறுமையா வாங்க." இவர்கள் மூன்றே முக்காலுக்குப் போய் நின்றபோது வாசலில் பந்தல் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். ஆட்டோ பிடித்துக் கல்லறைக்கு ஓடினார்கள். குழியில் பாதி மண் விழுந்திருந்தது. ஆனந்த் குழி விளிம்பில் நின்று அண்ணனைப் பார்த்தார். "நேரம் மாறிப்போச்சு, நான் இன்னா பண்றது" என்று சொல்லிவிட்டு நெல்சன் கையிலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டார்.

நேரம் ஒன்றும் மாறவில்லை. செபமாலை போட்ட கழுத்தோடு வளர்ந்த கிறிஸ்தவக் குடும்பத்தில், கிராமத்து மாரியம்மன் கோயில் தெருவிலிருந்து வந்த அஞ்சலாட்சி உறவுக்காரர்கள் முன்னால் மருமகளாக நிற்கக் கூடாது, அவ்வளவுதான். அவளால் ஆனந்துக்குப் பெற்ற தாயின் முகத்தைப் பார்க்க முடியாமல் போனது. ஒரு நாளும் அதை அவர் சொல்லிக் காட்டவில்லை. சொல்லியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

அந்த மாதமே நெல்சன் சொல்லியனுப்பினார், முருங்கை மரத்தடியில் கிடக்கிற அப்பா காரை எடுத்துக்கொண்டு போகச் சொல்லி. காருக்குள் கோழி முட்டையிட்டுக்கொண்டிருந்தது. வீடு நெல்சனுக்கு, துரு ஆனந்துக்கு. ஆனந்த் அதை லாரியில் ஏற்றிச் சாரம் பகுதியிலிருந்த தன் சந்துக்குக் கொண்டுவந்து, வீட்டுக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகை போட்டு, அம்மாவைப் பற்றிப் பேச வேண்டியதையெல்லாம் அந்த இரும்போடு பேசித் தீர்த்தார். பிள்ளை இல்லாத வீட்டில் அந்தச் சுத்தியல் சத்தம்தான் சத்தம். போன பொங்கலுக்குக் கடற்கரைச் சாலையில் பழைய கார்கள் வரிசையாக நின்றபோது, புறாச் சாம்பல் நிறத்தில் அது பளபளத்ததை யாரோ படம் எடுத்துப் பேப்பரில் போட்டார்கள். அன்றிலிருந்துதான் நெல்சனுக்கு அது "எங்கப்பா காரு."

இன்று காலையில் வந்தவர் அவள் வீட்டுப் படியை மிதிக்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்தே மிதித்ததில்லை. கொட்டகையில் நின்று காரைச் சுற்றிச் சுற்றி வந்தார், கதவைத் திறந்து மூடினார், வெரோனிகாவை உள்ளே அனுப்பிச் சாவி வாங்கினார். தம்பி பின்னால் அப்பா காரை ஓட்டிக்கொண்டு வருவதுதான் மரியாதையாம். தம்பி முகத்தைப் பார்க்க வரவில்லையா என்று யாரோ கேட்டதற்கு, குழியாண்ட கடைசியாகப் பெட்டியைத் திறப்பார்கள் இல்லையா, அங்கே பார்த்துக்கொள்கிறேன் என்றாராம்.

அஞ்சலாட்சி துண்டைப் பிழிந்தாள். முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். பிறகு மறுபடியும் நன்றாக நனைத்து, பிளாஸ்டிக் பையில் போட்டு முடிச்சுப் போட்டு, கைப்பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

கோயில் சபைக்காரர்கள் சவ வண்டியைத் தள்ளத் தொடங்கினார்கள். முன்னால் சிலுவை, அதன் பின்னால் சாமியார், வண்டி, அஞ்சலாட்சி, ஜனங்கள். எல்லாருக்கும் பின்னால் கார். நெல்சன் ஸ்டார்ட்டரை இழுக்கும் சத்தம் கேட்டது. ஒரே இழுப்பில் கிளம்பியது. அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். மூணு நாற்பது.

நேற்றுக் காலையிலும் இப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பம்புக்கும் எஞ்சினுக்கும் நடுவில் வைக்க ஃபைபரில் ஒரு தகடு வெட்டிக்கொண்டிருந்தார் ஆனந்த். அதைப் போட்டால் துண்டு தேவைப்படாது. போடுவதற்கு முன்னால், துண்டு கட்டாமல் நின்ற இடத்திலேயே எத்தனை நிமிடம் ஓடுகிறது என்று பார்த்து வைக்கலாம் என்றார். சமையலறைக் கடிகாரத்தைக் கழற்றிக்கொண்டு வந்து மட்கார்டின் மேல் வைத்து அவள் நின்றாள். அவர் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, எஞ்சினைக் கேட்கும்போது வழக்கமாக மூடுவதுபோலக் கண்ணை மூடிக்கொண்டார். பதினேழாவது நிமிடத்தில் எஞ்சின் இருமி நின்றது. "பதினேழு" என்றாள். பதில் வரவில்லை. "பதினேழுங்க" என்றாள் மறுபடியும். பதினேழில் எந்த நிமிடத்தில் அவர் போனார் என்று டாக்டருக்கும் சொல்லத் தெரியவில்லை.

கத்திரி வெயில் தார் ரோட்டிலிருந்து திரும்பி முகத்தில் அடித்தது. ஜனங்கள் செபமாலை சொல்லிக்கொண்டு நடந்தார்கள். அஞ்சலாட்சியின் உதடும் அசைந்தது, அவள் சொன்னது வேறு கணக்கு. ஒன்பது. பத்து. ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். நெல்சன் கறுப்புக் கண்ணாடி போட்டு, ஜன்னலில் முழங்கையை வைத்து, ரோட்டோரத்தில் நின்று கும்பிடுகிறவர்களுக்குத் தலையசைத்துக்கொண்டு வந்தார். செத்தது யார் என்று தெரியாதவர்கள் காரைப் பார்த்து நின்றார்கள். கைப்பையின் அடிப்பக்கம் ஈரமாகி அவள் இடுப்பில் பட்டது. இப்போதுகூட நின்று ஒரு வார்த்தை சொல்லலாம். ஒரு நிமிட வேலை. பன்னிரண்டு, பதின்மூன்று என்று எண்ணிக்கொண்டு நடந்தாள்.

பதினைந்தில் இருமியது. வெயில் இரண்டு நிமிடத்தைக் குறைத்துவிட்டிருந்தது. ஸ்டார்ட்டர் இழுபடுகிற சத்தம் இரண்டு தடவை, மூன்று தடவை, ஐந்து தடவை. சபைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "நீங்க போங்க, இதோ வந்துடறேன்" என்று நெல்சன் கையைக் காட்டினார். சவ வண்டி நிற்பது நல்லதில்லை என்று அவர்களும் தள்ளிக்கொண்டு போனார்கள். கல்லறை வாசல் அங்கிருந்தே தெரிந்தது.

குழியண்டை பெட்டியை இறக்கி மூடியைத் திறந்தார்கள். ஆனந்தின் நகக்கண்ணில் கிரீஸ் அப்படியே இருந்தது. குளிப்பாட்டியவர்கள் தேய்த்துப் பார்த்திருக்கிறார்கள், போகவில்லை. அஞ்சலாட்சி அந்த விரல்களைப் பிடித்துக்கொண்டு, நெற்றியில் முத்தம் வைத்தாள். அவள் அழவில்லை.

ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டு நகர்ந்தார்கள். சாமியார் புத்தகத்தில் விரலை வைத்துக்கொண்டு, அண்ணன் எங்கே என்று கேட்டார். காரிலிருந்து இறங்கி நடந்து வந்திருந்த வெரோனிகா மூச்சு வாங்கப் போன் போட்டாள். மெக்கானிக் வந்திருக்கிறானாம், பத்து நிமிடமாம். பத்து நிமிடம் இருபதானது. அடுத்த அடக்கத்துக்கு ஆள் காத்திருக்கிறார்கள் என்று வெட்டியான் வந்து சொல்லிவிட்டுப் போனான். சாமியார் அஞ்சலாட்சியைப் பார்த்தார். வெரோனிகா போனை அவள் காதில் வைத்தாள்.

"இந்தாம்மா, கொஞ்சம் நிறுத்தி வையி. நான் அவன் மூஞ்சியப் பாக்கணும்" என்றார் நெல்சன். அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை அவர், இந்த முப்பது வருடத்தில்.

"கார வுட்டுட்டு நடந்து வாங்க மாமா. அஞ்சு நிமிஷந்தான்."

அதை அவள் மனசாரச் சொன்னாள். வந்துவிடுவாரோ என்று பயந்துகொண்டே சொன்னாள்.

"நடு ரோட்டுல எப்படிம்மா வுட்டுட்டு வர்றது? கண்டவன் கை வெப்பான். இந்தா, இப்ப கெளம்பிடும்."

"சரி மாமா."

போனை வெரோனிகாவிடம் திருப்பிக் கொடுத்தாள். "மூடிடுங்க ஃபாதர்" என்றாள். வெரோனிகா அஞ்சலாட்சியின் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனைப் பைக்குள் வைத்துக்கொண்டாள். அவளுக்கும் ஒன்பது வருடத்துக்கு முந்திய அந்தச் சாயங்காலம் ஞாபகம் இருந்திருக்க வேண்டும். ஆணி இறங்குகிற சத்தத்தை அஞ்சலாட்சி ஒன்று விடாமல் கேட்டாள். முதல் பிடி மண்ணை அவளே போட்டாள்.

திரும்பி வரும்போது கார் அதே இடத்தில் பானட்டைத் தூக்கிக்கொண்டு நின்றது. ஸ்கூட்டர் மெக்கானிக் ஒருவன் பிளக்குகளைக் கழற்றித் துடைத்துத் திரும்ப மாட்டியிருந்தான். எல்லாம் சரியாத்தான் சார் இருக்கு என்று தலையைச் சொறிந்தான். நெல்சனின் வெள்ளைச் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது, இரண்டு கையிலும் கறுப்பு. இரும்பு அந்த வெயிலில் ஆறவே இல்லை.

அஞ்சலாட்சி யாரையும் பார்க்காமல் காரண்டை போனாள். கைப்பையைத் திறந்தாள். பிளாஸ்டிக் பையின் முடிச்சை அவிழ்த்து, துண்டை எடுத்து, பம்பைச் சுற்றி இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கினாள். புஸ்ஸென்று ஆவி எழும்பியது. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு நிமிடம் நின்றாள். அவ்வளவு நேரமும் நெல்சன் அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அது எங்கே, எப்போது நனைந்தது என்று கணக்குப் போடுகிறவர்போல அவர் கண் துண்டுக்கும் அவள் பைக்குமாகப் போய்ப் போய் வந்தது.

பானட்டை இறக்கிவிட்டுச் சாவிக்குக் கையை நீட்டினாள். கொடுத்தார். சீட்டில் உட்கார்ந்து ஒரு தடவை இழுத்தாள். கிளம்பியது.

"மூடிட்டாங்களா?" என்று கேட்டார் நெல்சன். குரல் சின்னப் பிள்ளையுடையதுபோல் இருந்தது.

"நேரம் மாறிப்போச்சு மாமா" என்றாள். "நான் இன்னா பண்றது."

அவர் கதவுக் கண்ணாடியின் மேல் வைத்திருந்த கையை எடுக்கும்வரை காத்திருந்தாள். எடுத்தார். கண்ணாடியில் ஐந்து விரலும் கறுப்பாகப் பதிந்திருந்தன. இரண்டாவது கியருக்குப் பொறுக்க வேண்டிய அளவு பொறுத்துப் போட்டு, ஓட்டிக்கொண்டு போனாள்.

சாரத்துச் சந்தில் திரும்பிக் கொட்டகைக்குள் காரை விட்டாள். எஞ்சினை நிறுத்தவில்லை. இறங்கிப் பானட்டைத் தூக்கினாள். சமையலறைக் கடிகாரம் வேலை மேசையில், ஃபைபர் தகட்டுக்குப் பக்கத்தில் கிடந்தது. அதை எடுத்து மட்கார்டின் மேல், நேற்று இருந்த இடத்திலேயே வைத்தாள். வாளியில் தண்ணீர் மொண்டு வந்து துண்டின் மேல் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள். பக்கத்து வீட்டிலிருந்து காபி கொண்டுவந்தவள் கொட்டகை வாசலில் நின்று, இவள் நிற்கிற நிலையைப் பார்த்து, டம்ளரை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

காபியில் ஆடை படிந்தது. அஞ்சலாட்சி நகரவில்லை. துண்டு காயக் காயத் தண்ணீர் விட்டாள். எஞ்சின் இருமவில்லை.

முள் பதினேழாவது நிமிடத்தைத் தாண்டியதும் கண்ணாடி வழியாக டிரைவர் சீட்டைப் பார்த்தாள்.

"பதினெட்டு" என்றாள்.