ரங்கையா கிணற்றில் கறுப்புப் பாறை

பஸ்ஸை விட்டு இறங்கியதும் தரணி வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லவில்லை. முதுகுப்பையை யஸ்வந்தின் பைக் டாங்க் மேல் வைத்துவிட்டு, "கெணத்துக்குப் போலாம்" என்றாள்.

"ரெண்டு நாளா ரயில்ல வந்துகிற. ஒரு வாய் துன்னுட்டுப் போலாம்."

"வெயில் உச்சியில கீது. இப்பதான் கெணத்துக்குள்ள வெளிச்சம் எறங்கும். அப்பால வந்து சோறு துன்னலாம்."

யஸ்வந்த் வண்டியைக் கிளப்பினான். அவள் கிணற்றைப் பார்க்கத்தான் அத்தனை தூரத்திலிருந்து வந்திருக்கிறாள். வரச் சொன்னவனும் அவன்தான். இருந்தும், இன்னும் ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் என்ன என்று அவனுக்கு இருந்தது.

சத்தியவேட்டைச் சுற்றியுள்ள ஊர்களில் பழைய கிணறுகளை ஆழப்படுத்துவது யஸ்வந்தின் தொழில். சொந்தமாக ஒரு கிரேன், கூட நான்கு ஆட்கள். மாசியில் கிணறுகளில் தண்ணீர் இறங்கத் தொடங்கும்போது அவனுக்கு வேலை தொடங்கும். தரணி நிலக்கரி தேடும் கம்பெனி ஒன்றில் ஜியாலஜிஸ்ட். அவளுக்கு வேலை வடக்கே, சோட்டா நாக்பூர் பீடபூமியில். நகரியில் இருபத்துநாலு மணி நேரமும் பவர்லூம் ஓடிய வீட்டில் பிறந்தவள் என்பதால், துளை போடும் எந்திரத்தின் பக்கத்திலேயே கட்டில் போட்டுத் தூங்க முடிகிறது என்று சிரிப்பாள். கல்யாணமாகி மூன்று வருடம். இருவரும் சேர்ந்தாற்போல் ஒரு மாதம் ஒரே கூரையின் கீழ் இருந்ததில்லை.

போன மாதம் போனில் அவள் சொன்னாள்: "என்னிய துளை போடற கேம்புக்கே பொறுப்பா போடறாங்கோ. நாலு வருஷம். சரின்னு இன்னும் சொல்லல. உன்ன நேர்ல பாத்துட்டுதான் சொல்லுவேன்."

அதையே யோசித்துக்கொண்டு அவன் அலைந்துகொண்டிருந்த வாரத்தில்தான் ரங்கையாவின் கிணற்றில் கறுப்புப் பாறை வந்தது. வேட்டு வைத்துப் பெயர்த்த கற்களைத் தொட்டியில் ஏற்றி மேலே கொட்டியபோது, மஞ்சள் கல்லோடு கலந்து கறுப்புக் கறுப்பாகப் பலகைகள் விழுந்தன. கிரேன் ஓட்டும் சுரேஷ்பாபு கீழே குதித்து ஒன்றை எடுத்துப் பார்த்து, "அண்ணா, பொக்கு!" என்று தெலுங்கில் கத்தினான். கரி என்ற அந்தச் சொல் அன்று மாலைக்குள் ஊரெல்லாம் பரவிவிட்டது.

யஸ்வந்துக்கு வேறொரு கணக்கு ஓடியது. இங்கே நிலக்கரி இருந்தால் இங்கேயும் துளை போட வருவார்கள். வந்தால் கேம்ப் போடுவார்கள். அந்தக் கேம்புக்கு ஒரு ஜியாலஜிஸ்ட் வேண்டும். மறுநாளே போட்டோ அனுப்பிவிட்டுப் போன் போட்டான். கிணற்றுச் சுவரில் அந்த அடுக்கு அப்படியே தெரிய வேண்டும் என்பதற்காக, அவள் வரும் வரை வேலையையும் நிறுத்தி வைத்தான்.

கிணற்றடியில் ரங்கையா காத்திருந்தார். நிலக்கடலையும் நாலு ஏக்கர் மாந்தோப்பும் வைத்திருப்பவர். தரணியைப் பார்த்ததும் துண்டை இறக்கி முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"வாம்மா. நீ பாத்துட்டு அது கரி இல்லன்னு சொல்லிட்டா ஒனக்குப் புண்ணியம். கரின்னா நெலத்த எட்துப்பாங்கோளாமே. நான் தண்ணிக்குதான் கெணறு வெட்றேன். வேற ஒண்ணியும் வாணாம் எனக்கு."

"பாத்துட்டு சொல்றேன் மாமா."

"சீக்கிரம் சொல்லு. கண்டவன்லாம் வந்து எட்டிப் பாத்துக்கினு கீறான். என் மாங்காலாம் காலி."

தொட்டி இரும்பால் ஆனது, ஒரு ஆள் மார்பளவு உயரம். யஸ்வந்த் முதலில் ஏறி அவளுக்குக் கை கொடுத்தான். கிரேன் மேலிருந்து சுரேஷ்பாபு எட்டிப் பார்த்தான்.

"ஏம் வதினா, ரெண்டு பேரும் ஒரே தொட்டிலயா? கல்லு ஏத்தத்தான் வடம் போட்டுகிறோம். காதல் ஜோடிக்கு வேற வடம் போடணும்."

அவன் எப்போதும் அவளை அண்ணி முறைக்கு வதினா என்றுதான் கூப்பிடுவான்; அவளும் கொழுந்தன் முறைக்கு மரிதி என்பாள். தரணி தலை நிமிராமல், "நீ பிரேக் மேல கைய வெச்சிக்கினு பேசு மரிதி. உனக்கு இன்னும் பொண்ணு பாக்கணும், ஜெயிலுக்குப் போயிட்டா யாரு பாக்கறது?" என்றாள். மற்ற ஆட்கள் சிரித்தார்கள். வடம் ஒருமுறை வெட்டி இழுத்தது. தொட்டி அந்தரத்தில் ஆடி, மெல்ல இறங்கத் தொடங்கியது.

யஸ்வந்த் வலது கையால் வடத்தைப் பிடித்துக்கொண்டு இடது கையை அவள் தோளைச் சுற்றி வைத்தான். ரயிலின் புழுக்க வாசனையும் அவள் தலைக்கு வைக்கும் எண்ணெயின் வாசனையும் சேர்ந்து வந்தன. சுவர் அவர்களுக்கு எதிரே மேலேறிப் போனது. முதலில் வேர்கள் தொங்கும் செம்மண். அதற்குக் கீழே துருப்பிடித்த சிவப்பில், கோழிமுட்டை கோழிமுட்டையாகக் கூழாங்கற்கள் பதிந்த கெட்டியான அடுக்கு.

"இந்தக் கல்லு எத்தன உளிய முறிச்சுகிது தெரியுமா" என்றான்.

"முறிக்கும். எல்லாம் எங்க ஊரு மலைக்கல்லு. நகரி மலையில உடைஞ்சு, ஆத்துல உருண்டு உருண்டு இங்க வந்து சேந்துது." அவள் கையை நீட்டிச் சுவரைத் தொட்டபடியே இறங்கினாள். "நான் உன்ன கட்டிக்கினு வர்றதுக்கு முன்னாடியே இதுங்க வந்துட்டுது."

"எவ்ளோ முன்னாடி?"

"பன்னெண்டு கோடி வருஷம் இருக்கும்."

மஞ்சள் மணற்கல் வந்தது. ஈரம் வந்தது. மேலே வானம் ஒரு தட்டு அளவுக்குச் சுருங்கியபோது தொட்டி அடியைத் தொட்டது. கணுக்கால் அளவுத் தண்ணீரில் இருவரும் இறங்கி நின்றார்கள். அடியில் குளிர்ச்சியாக இருந்தது. கிழக்குச் சுவரில், முழங்கால் உயரத்துக்கு, மை பூசியது போல் அந்தக் கறுப்பு அடுக்கு ஓடியது.

தரணி தண்ணீரில் குந்தி உட்கார்ந்து, கையால் நீரை அள்ளி அடுக்கின் மேல் தெளித்துக் கழுவினாள். சுத்தியலால் தட்டி ஒரு சில்லைப் பெயர்த்தாள். அதன் கனத்தை உள்ளங்கையில் இரண்டு முறை தூக்கிப் பார்த்தாள். பிறகு அதன் ஓரத்தை முன்பல்லால் கடித்து மென்றாள்.

யஸ்வந்த் பார்த்துக்கொண்டே இருந்தான். அவள் வேலை செய்வதை அவன் இதற்குமுன் ஒருதரம்தான் பார்த்திருக்கிறான். திருப்பதியில் படிக்கும்போது கல் பார்க்க வந்தவள், அவன் வெட்டிக்கொண்டிருந்த கிணற்றருகே இதேபோல் குந்தி உட்கார்ந்து, அவன் கொட்டிய கற்களை ஒவ்வொன்றாகப் புரட்டினாள். மண்ணை வாயில் போடுகிறாளே என்று பதறிப்போய் அன்று அவன் தண்ணீர் பாட்டிலை நீட்டினான். அப்படித்தான் ஆரம்பித்தது. இப்போதும் அவன் கை பாட்டிலைத் தேடியது.

அவள் வாயைக் கொப்பளித்தாள். "நறநறங்குது."

"அப்டின்னா?"

"மண்ணு. சேத்து மண்ணு இறுகிப் போனது. கரி இவ்ளோ கனமா இருக்காது யஸ்வந்த்." ஒரு பலகையைத் திருப்பி வெளிச்சத்தில் காட்டினாள். அதில் நகத்தால் கீறினாற்போல, நடுக்காம்பும் இருபுறமும் பற்களுமாக ஒரு சின்ன இலை படிந்திருந்தது. "பாத்தியா, சீப்பு மாதிரி? நான் கீற எடத்துல கரி கூட வர்ற எல வேற. நாக்கு மாதிரி நீளமா இருக்கும். அது இதவிட ரெண்டு மடங்கு வயசு. இங்க எல விழுந்துது, ஆனா சேறுதான் ஜாஸ்தி. அதான் கறுப்பு மட்டும் தங்கிப் போச்சு."

அவள் எழுந்து அவன் முகத்தைப் பார்த்தாள்.

"அடுப்புல போட்டுப் பாத்தியா?"

"பாத்தேன்."

"இன்னா ஆச்சு?"

"கொஞ்சம் நாத்தம் வந்திச்சு. படபடன்னு வெடிச்சிச்சு."

"சாம்பல் ஆச்சா?"

அவன் குனிந்து தண்ணீரைப் பார்த்தான். போன் செய்த அன்று காலையிலேயே அடுப்பில் போட்டிருந்தான். விறகெல்லாம் எரிந்து அடங்கிய பிறகும் அந்தக் கல் போட்ட அளவிலேயே கிடந்தது. அதை இடுக்கியால் எடுத்து வேலிக்கு வெளியே வீசிவிட்டுத்தான் அவளுக்குப் போன் செய்தான்.

"சரி" என்றாள். "நீ அனுப்பிச்ச போட்டோவ பாத்தப்பவே எனக்குத் தெரியும். அது கூட வாணாம். சத்தியவேட்டுக் கல்லு இன்னா வயசுன்னு எனக்குத் தெரியாதா? பரீட்சையில எழுதி மார்க் வாங்கிகிறேன்."

"அப்புறம் ஏன் லீவு போட்டு வந்த?"

"நீ ஏன் கூப்ட்ட?"

மேலிருந்து ஒரு கூழாங்கல் உதிர்ந்து தண்ணீரில் விழுந்தது. இருவரும் ஒரே நேரத்தில் மேலே பார்த்து, ஒருவரையொருவர் சுவரோரம் இழுத்துக்கொண்டார்கள். ஆபத்து ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகும் அவன் கையை எடுக்கவில்லை.

"நாலு வருஷம்" என்றான். "நீ போகாதன்னு நான் சொல்ல மாட்டேன். போன்னு சொல்றதுக்கும் வாய் வரல. அதான் இந்தக் கல்ல காட்டிட்டேன்."

அவள் அவன் சட்டையில் ஒட்டியிருந்த சேற்றை விரலால் சுரண்டினாள். "அந்த ஊரு எப்டி இருக்கும்னு நீ ஒரு நாளும் கேட்டதில்ல."

"சொல்லு."

"சித்தூர்லேர்ந்து பலமனேர் மேட்டுக்கு ஏறுவோம் இல்ல, மேல போனதும் காத்து மாறிடும். அந்த மாதிரிதான். இன்னும் பெருசு. சால் மரக் காடு. மேட்டு மேல பழைய பாறை, இங்க மலையில கீற மாதிரி. மேட்டுல கெடந்த கரிலாம் மழையில கரைஞ்சு எப்பவோ போயிடுச்சு. பூமி ஒடைஞ்சு கீழ எறங்கின பள்ளத்துலதான் மிச்சம். நாங்க அந்தப் பள்ளத்துல துளை போடறோம். ஆடி ஆவணியில மழன்னா அப்படி ஒரு மழ. வண்டி நவுராது. ஆனி பொறந்தாலே எந்திரத்த நிறுத்திடுவோம்."

"ஆனியிலயா? அப்புறம் எப்போ தொடங்குவீங்கோ?"

"ஐப்பசியில. மண்ணு காஞ்ச பிற்பாடு."

யஸ்வந்த் சுவரைப் பார்த்தான். மணற்கல்லில், அவன் தலைக்கு மேலே வெகு உயரத்தில், போன மழைக்குத் தண்ணீர் நின்ற கோடு வெள்ளையாகத் தெரிந்தது.

"ஐப்பசியில இங்க மழை பிடிச்சா இந்தக் கெணறு அது வரைக்கும் ரொம்பிடும்" என்று கோட்டைக் காட்டினான். "தை முடியற வரைக்கும் கிரேன் சும்மாதான் நிக்கும். நான் டீக்கடையில ஒக்காந்துகினு இருப்பேன்."

"எனக்குத் தெரியும். போன்ல டீ கிளாஸ் சத்தம்தான் கேக்கும்."

"அப்ப நான் அங்க வர்ட்டா?"

அவள் சுரண்டுவதை நிறுத்தினாள்.

"ஐப்பசியில உனக்கு வேல தொடங்குது, எனக்கு முடியுது" என்றான் அவன், ஒவ்வொரு சொல்லாக வைத்து. "நீ ஆனியில நிறுத்தற. அப்ப மட்டும் ஏன் வரமாட்டேங்கிற?"

"மழ நாள்ல என்ன மாதிரி ஜூனியர்லாம் ஷெட்டுல ஒக்காந்து துளையில எடுத்த கல்ல அடுக்கணும். கேம்ப் பொறுப்புன்னா அது இல்ல. ரிப்போர்ட் எழுதற வேலதான். லேப்டாப்ப வெச்சிக்கினு எங்க ஒக்காந்தும் எழுதலாம்."

சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கே அது காதில் விழுந்தாற்போல இருந்தது. மூன்று வருடமாக அவள் தன் மழையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள், அவன் தன் மழையை மட்டும். இரண்டையும் ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக வைத்துப் பார்க்க இருவருக்கும் தோன்றவில்லை.

"மாசியிலேர்ந்து வைகாசி வரைக்கும் மட்டும்தான் உன்ன விட்டு இருக்கணும்" என்றாள். "அங்க உனக்குப் போர் அடிக்கும். பாஷையும் தெரியாது."

"கெணறு வெட்டறாங்களா?"

"வெட்டறாங்கோ. பாறைதான்."

"பாறைக்கு இன்னா பாஷ வேணும்?"

அவள் நெற்றியை அவன் மார்பில் முட்டினாற்போல் சாய்த்து அப்படியே நின்றாள். தண்ணீர் சுவரிலிருந்து சொட்டுச் சொட்டாகக் கசிந்துகொண்டிருந்தது.

"வதினா, பொக்கா, மண்ணா? பெரியவரு இங்க செத்துக்கினு கீறாரு" என்று மேலிருந்து சுரேஷ்பாபுவின் குரல் வந்தது.

"மண்ணு" என்று கத்தினாள் தரணி.

மேலே ரங்கையா யாரையோ கட்டிப்பிடித்திருக்க வேண்டும்; "விடுய்யா" என்று ஒரு குரல் கேட்டது.

மேலே வந்ததும் தரணி வேப்பமரத்தடிக்குப் போய் போன் செய்தாள். இந்தியில் பேசினாள். யஸ்வந்துக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. ஆனால் பேச்சின் நடுவே அவள் திரும்பி அவனைப் பார்த்துத் தலையசைத்தது புரிந்தது. ரங்கையா இரண்டு இளநீரைச் சீவிக்கொண்டு வந்தார்.

"கீழ தண்ணி கீதாம்மா?"

"கறுப்பு அடுக்கு தண்ணிய விடாது மாமா. அத்தத் தாண்டி மணல்கல்லு வந்தா இருக்கலாம். உறுதியா சொல்ல முடியாது. தாண்டிப் பாக்கணும்."

"தாண்டிடுவான் உன் வீட்டுக்காரன்" என்றார் அவர்.

சுரேஷ்பாபு யஸ்வந்தின் பக்கத்தில் வந்து நின்றான். "இன்னாண்ணா, மூஞ்சி இப்டிப் பூத்துக் கெடக்குது? கரி இல்லன்னுதான சொன்னாங்கோ?"

"தீவாளி முடிஞ்சதும் கிரேன நீதான் பாத்துக்கணும். தை வரைக்கும்."

"நீ எங்க போற?"

"பொண்டாட்டி ஊருக்கு."

"நகரிதான? சாயங்காலம் போய்ட்டு ராவுக்கு வந்துடலாமே."

யஸ்வந்த் இளநீரைத் தரணியிடம் கொடுத்து, "குடிச்சுட்டு வீட்டுக்குப் போ, சாவி பையில கீது. ஒரு வேட்டு வெச்சுட்டு வந்துடறேன்" என்றான். பாறையைத் துளைக்க, ஒரு வாரமாக நின்றிருந்த கம்ப்ரசர் இருமி இருமிப் பிடித்துக்கொண்டது. அவள் வீட்டுக்குப் போகவில்லை. மரத்தடியில் உட்கார்ந்து, அவன் தொட்டியில் ஏறி இறங்குவதைப் பார்த்தபடி இளநீரை உறிஞ்சத் தொடங்கினாள்.