இரவல் நாற்காலி

பிரேக்கை எடுக்காமலேயே வார்டு ஊழியர் நாற்காலியை இழுத்தார். சக்கரம் தரையில் கிறீச்சிட்டது.

"பிரேக்கு பாஸ்," என்றான் அண்ணன், கட்டிலில் இருந்தபடி. "வலது பக்கம்... சிவப்புக் குமிழ்."

அவன் மூச்சுக்கு இரண்டு மூன்று சொல்தான் பேசுவான். தசைகள் தேயும் நோய் கால்களில் தொடங்கி, கைகளைக் கடந்து, மார்புக்கு வந்திருந்தது. இப்போது சளியும் சேர்ந்துகொண்டது. தங்கை எழுந்து போய்ப் பிரேக்கை விடுவித்தாள்.

"எங்க கொண்டு போறீங்க?"

"கீழ ஹாலுக்கும்மா. டாக்டருங்களுக்கு அந்தக் கண்ணாடி ப்ரோக்ராம். அசல் சேர்ல உக்காந்தாத்தான் உணர்வு வருமாம். சாரே சரின்னுட்டாரு."

"நீ சொன்னியா?"

"சொன்னேன். எந்த மந்திரி... நாற்காலிய விட்டுருக்கான்? நானாவது... விடறேன்."

எந்நேரமும் நாற்காலியில் இருப்பதால் அலுவலகத்தில் அவனுக்கு மந்திரி என்று பெயர். கட்டடங்களுக்கு வரைபடம் போடும் வேலை. மாடிப்படி போடுவதில் அவனை மிஞ்ச ஆளில்லை என்பார்கள். சொல்லிவிட்டுச் சிரிப்பார்கள். அவனும் சிரிப்பான்.

கண்ணாடிக்குள் இருப்பதும் அவன்தான். சென்ற ஆண்டு இந்த மருத்துவமனை அவன் நெற்றியில் ஒரு கேமராவைக் கட்டி, நாள் முழுக்கக் கூடவே சுற்றியது. கண்ணையும் காதையும் மூடும் அந்தக் கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டால் டாக்டர்கள் அவனாகிவிடலாம். அவன் பார்ப்பதைப் பார்க்கலாம்: மனிதர்களின் இடுப்புகள், எட்டாத லிஃப்ட் பொத்தான், அவனை விட்டுவிட்டு அவளிடம் 'இவருக்கு என்ன பண்ணுது?' என்று கேட்கும் டாக்டர். முதல் நாள் பார்த்தவர்களில் பாதிப் பேர் அழுதார்கள். அவனுக்குப் பூங்கொத்து நீட்டினார்கள். கை எழும்பாது என்பது நினைவுக்கு வந்து, அவளிடம் கொடுத்தார்கள்.

நாற்காலி போன சற்று நேரத்தில் வார்டு டாக்டர் வந்தார். மெல்லிய மீசை, சிரித்த முகம்.

"ராத்திரி தூங்கினாரா?" என்று அவளிடம் கேட்டார்.

"அவன்கிட்டயே கேளுங்க டாக்டர்."

"அடடா, பழக்கதோஷம்." சிரித்தார். அப்போதும் அவனிடம் கேட்கவில்லை.

"படுத்தா சளி அடைக்குது. சேர் இல்லாம ரொம்ப நேரம் தாங்க மாட்டான்."

"தலைமாட்டத் தூக்கி வைங்கம்மா, போதும். நான் கீழ முடிச்சிட்டு ஓடி வந்துடறேன்."

அவளும் நர்ஸும் தலைமாட்டைத் தூக்கினார்கள். அவன் சறுக்கினான். சறுக்கியதும் கழுத்து மடிந்தது. மேலே இழுத்துப் போட்டார்கள். மறுபடியும் சறுக்கினான். முதுகின் கோணலுக்கு அச்செடுத்துச் செய்த நாற்காலி அது. அதில் மட்டும்தான் அவன் தலை நிற்கும்.

தொண்டையில் களகளவென்று சத்தம் வர ஆரம்பித்தது. நர்ஸ் குழாய் விட்டுச் சளியை உறிஞ்சினாள். பாத்திரத்தில் மஞ்சளாகக் கொஞ்சம் விழுந்தது. சத்தம் நிற்கவில்லை.

"நிமிர்த்தி உக்கார வைக்கணும்," என்றாள் நர்ஸ். "டாக்டருக்கு மூணு தரம் போன் போட்டுட்டேன். எடுக்க மாட்டேங்கறாரு."

அண்ணன் எதையோ சொல்ல வாயைத் திறந்தான். ஒரு சொல் வந்தது.

"சேர்."

அவள் படியில் இறங்கி ஓடினாள்.

ஹால் வாசலில் ஒரு பிரம்புக் கூடை இருந்தது. உள்ளே போகிறவர்கள் அதில் கைபேசியைப் போட்டுவிட்டுப் போக வேண்டும். நடுவில் இருந்த ஒன்று ஒளிர்ந்து அதிர்ந்துகொண்டிருந்தது.

தலைமை டாக்டரம்மா உதட்டில் விரல் வைத்து அவளைத் தடுத்தார்.

"அஞ்சே நிமிஷம்மா. நடுவுல கழட்டினா அவங்களுக்குத் தல சுத்தும். வாந்தி கூட வரும்."

"எங்கண்ணனுக்கு மூச்சு முட்டுது."

"மேல டாக்டர் இருப்பாரே."

"அவரு இங்கதான உக்காந்திருக்காரு!"

அண்ணனின் நாற்காலியில் வார்டு டாக்டர் கறுப்புக் கண்ணாடியோடு சாய்ந்திருந்தார். அவர் உயரத்துக்குத் தோதாகக் கால்பலகையைக் கீழே இறக்கியிருந்தார்கள். தலைதாங்கியைக் கழற்றித் தரையில் வைத்திருந்தார்கள். அவர் பார்ப்பதை மற்றவர்களும் பார்க்கச் சுவரில் பெரிய திரை. அதில் அவளே இருந்தாள், வாயில் சீப்பைக் கடித்தபடி, அண்ணனின் சட்டைக்குப் பொத்தான் மாட்டிக்கொண்டு. 'கொஞ்சம் இருண்ணா, இதோ வந்துட்டேன்' என்றாள் திரையில்.

அவள் டாக்டரம்மாவைத் தள்ளிக்கொண்டு போய், பிரேக்கை எடுத்து, நாற்காலியை வாசல் பக்கம் இழுத்தாள்.

"ஓ," என்றார் வார்டு டாக்டர். "அசையுது. தத்ரூபமா இருக்கு."

"எந்திரிங்க."

"குரல் கூடப் பக்கத்துலயே கேக்குது மேடம்."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவள் கண்ணாடியைப் பிடுங்கினாள். அவர் முகம் நனைந்திருந்தது. கண்ணீரும் மூக்குநீரும் மீசையில் இறங்கி, மேலுதட்டில் ஒரு சொட்டு தொங்கியது. அவர் அதை நாக்கால் எடுத்துக்கொண்டார்.

"எந்திரிங்க டாக்டர்."

தலைதாங்கியைக் கக்கத்தில் இடுக்கி, காலியான நாற்காலியைத் தள்ளிக்கொண்டு லிஃப்டுக்கு வந்தாள். லிஃப்ட் மேலே போய்க்கொண்டிருந்தது. பொத்தானை அழுத்தினாள். மறுபடி மறுபடி அழுத்தினாள்.

வார்டுக்குள் சத்தமில்லை. முதலில் அதுதான் தெரிந்தது. அண்ணன் கட்டிலின் அடிவரை சறுக்கி, பாதங்கள் கம்பியில் முட்டியபடி கிடந்தான். கன்னத்தில் சளி ஒட்டியிருந்தது. நர்ஸ் பிராணவாயுவின் திருகை மூடிவிட்டுத் திரும்பினாள்.

"இப்பதாம்மா," என்றாள். "இப்பத்தான்."

தங்கை முந்தானையால் அவன் கன்னத்தைத் துடைத்தாள்.

பின்னாலேயே டாக்டர்கள் இருவரும் வந்தார்கள். வார்டு டாக்டர் நாடி பார்த்தார், கண்ணில் வெளிச்சம் அடித்தார், தலையசைத்தார். பிறகு அவள் தோளில் கை வைத்தார். கை ஈரமாக இருந்தது.

"அவரு என்ன பாடு பட்டிருப்பாருன்னு இப்ப எனக்குத் தெரியும்மா. உள்ள இருந்து பாத்துட்டேன்."

அவள் தோளை நகர்த்திக்கொண்டாள்.

"அவரு எங்கயும் போகல," என்றார் டாக்டரம்மா. "இனிமே எத்தனை டாக்டருங்க அவராவே கொஞ்ச நேரம் வாழப் போறாங்க, யோசிச்சுப் பாருங்க." நாற்காலியின் கைப்பிடியைத் தடவினார். "சாயங்காலம் இன்னொரு குழு வராங்க. அவசரமில்ல. உங்களுக்கு ஆட்சேபம் இல்லன்னா..."

அவள் அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவை கைப்பிடியை விட்டன. இருவரும் போனார்கள்.

"ஸ்ட்ரெச்சருக்குச் சொல்லிட்டேம்மா," என்றாள் நர்ஸ் மெதுவாக.

"வேணாம். எங்கண்ணன் உக்காந்துதான் வருவான்."



அவள் தரையில் உட்கார்ந்து கால்பலகையின் திருகைத் தளர்த்தினாள். கம்பியில் வண்ணம் தேய்ந்த இடம் வரை அதை ஏற்றி முடுக்கினாள். தலைதாங்கியை மாட்டினாள். இருக்கை மெத்தையில் கை வைத்தவள் சட்டென்று எடுத்துக்கொண்டாள். டாக்டர் உட்கார்ந்திருந்த சூடு இன்னும் இருந்தது.

மெத்தையை உருவி, ஜன்னலைத் திறந்து, விளிம்பில் சாய்த்து வைத்தாள். பக்கத்திலேயே நின்றாள். அவ்வப்போது புறங்கையால் தொட்டுப் பார்த்தாள்.