படகின் அடியில் ஒரு சதி

முல்லைத்தீவுக் கரைவாழ் சகல பெருமக்களுக்கும் இத்தால் அறியத் தருவது யாதெனில், மீனவர் சங்கத்து உபதலைவர் தில்லைநாதனின் படகுக்குள் கணுக்காலளவு தண்ணீர் நிற்கிறது, அதன் பின்னால் ஒரு சதி இருக்கிறது... சதியேதான், வேறென்ன, பத்து நாளாக இதே தண்ணீர், விரலில் தொட்டு நாக்கில் வைத்தார், உப்பு, ஆகவே மழையில்லை, கடல், கடல் தானாக உள்ளே வருமா, யாராவது வழிவிட வேண்டாமா? முன்னால் வலை இழுத்துக்கொண்டிருந்த சிவகரனின் முதுகைப் பார்த்தார், மனைவி கமலாசனியின் தம்பி, படகில் சரிபாதிப் பங்காளி, அந்த முதுகில் ஒரு நிம்மதி தெரிந்தது, கரை தெரியாத தூரத்தில் படகு நிறையும்போது மனிதனுக்கு என்ன நிம்மதி? "தம்பி, தண்ணி ஏறுது." "இறையுங்கோ அத்தான், கான் உங்கட காலடியிலதான் கிடக்கு." பார், உபதலைவரையே இறைக்கச் சொல்கிறான்... வாய் வெட்டிய பிளாஸ்டிக் கானால் தண்ணீரை அள்ளி வெளியே ஊற்றினார், இன்று கரைக்குப் போனதும் பங்கைப் பிரிப்பது, முடிவு முடிவுதான், கமலாசனி அழுவாள், அழட்டும், 'அவன் பச்சைப்பிள்ளையப்பா' என்கிறாள், முப்பத்தாறு வயதில் பச்சைப்பிள்ளை!

கரையில் ஏற்றியதும் பின்பக்கத்து அடித்துளையின் அடைப்பைக் கழற்றித் தண்ணீரை ஓடவிடுவதும், காலையில் இறக்குமுன் திருகிப் பூட்டுவதும் சிவகரனின் வேலை, ஒழுங்காகப் பூட்டுகிறானா, யார் கண்டது, சங்கக் கூட்டத்தில் தன் பேச்சுக்கு அவன் சிரித்த நாளிலிருந்து, இரண்டு கிழமையாக, அவன் பூட்டிவிட்டுத் தேநீருக்குப் போனதும் தில்லைநாதன் அதைக் கழற்றிப் பார்க்கிறார், மறுபடி பூட்டுகிறார், மனம் ஆறாமல் இன்னொரு தரம் கழற்றி, பல்லைக் கடித்து முறுக்குகிறார், இவ்வளவு காவலுக்குப் பிறகும் தண்ணீர் என்றால்...

சிவகரன் வந்து குனிந்து தண்ணீருக்குள் கைவிட்டுத் துழாவினான். "அத்தான், அடைப்பின்ர ரப்பர் பிஞ்சு போச்சு. போன மாசம் புதுக்குடியிருப்பில வாங்கின புதுசு. சும்மா சும்மா கழட்டி முறுக்கினால்தான் இப்பிடிப் பிய்யும். ஆரோ எங்கட போட்டில கை வைக்கிறான்!" உடுத்திருந்த சாரத்தின் ஓரத்தைக் கிழித்து அடைப்பில் சுற்றி இறுக்கினான். "நாளைக்குத் தேத்தண்ணிக்குப் போறமாதிரிப் போய் ஒளிச்சு நிக்கிறன். ஆளைப் பிடிச்சு உங்கட சங்கத்துக்கு முன்னால நிப்பாட்டிறன். நீங்கள்தான் விசாரிக்கவேணும்."

"ஓம்... கட்டாயம் விசாரிக்கவேணும்," என்றது உபதலைவரின் குரல், நாளைக்கு இவனை எங்கே அனுப்புவது, இல்லை, தான் கழற்றாமல் விட்டாலே போதாதா, விட்டால் கள்ளன் பயந்திட்டான் என்பானே, யாரைக் கள்ளன் என்பான்... பங்கைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை. தண்ணீர் ஏறுவது நின்றுவிட்டது.