பொன்னையாவின் கண்

பன்வில மலைத் தோட்டத்தில் கோப்பி பழுத்துவிட்டால் எல்லாருக்கும் கொண்டாட்டம். எனக்கு மட்டும் அது பயக் காலம். என் மகன் பொன்னையாவுக்குப் பழமும் காயும் ஒரே நிறம். சிவப்பும் பச்சையும் அவனுக்குத் தவிட்டு நிறமாகத்தான் தெரிகின்றன. கூடையில் காய் கலந்திருந்தால் கங்காணி அரைப்பேர்தான் போடுவார், அதாவது பாதிச் சம்பளம். அதே தப்பு தொடர்ந்தால் தோட்டத்தை விட்டே விரட்டிவிடுவார்.

இது நோயில்லை. கருவிலேயே அப்படி அமைந்துவிட்ட கண். என் அம்மாவின் அப்பாவுக்கு இருந்ததாம், பிறகு என் அண்ணன் பழனியாண்டிக்கு. எங்கள் வீட்டுப் பெண்களுக்கு எல்லா நிறமும் தெரியும். ஆனால் நாங்கள் பெறும் ஆண் பிள்ளைகளுக்கு இந்தக் கண் போய்ச் சேர்ந்துவிடுகிறது. என்ன கொடுமை பாருங்கள், குறை அவனுக்கு, கொடுத்தவள் நான்.

அண்ணனை இதே தோட்டத்திலிருந்துதான் விரட்டினார்கள். கடுகண்ணாவையில் ரயில் பாதைக்குப் பாறை உடைக்கப் போனான். அங்கே வெடி வைக்குமுன் சிவப்புக் கொடி காட்டுவார்கள், வெடித்து முடிந்ததும் பச்சை. அவன் சிவப்பைப் பார்த்துக்கொண்டே உள்ளே நடந்துவிட்டான். புதைக்கக்கூட முழுதாகக் கிடைக்கவில்லை.

அதனால்தான் பொன்னையாவைப் பக்கத்து நிரையிலேயே வைத்துக்கொண்டேன். என் கை என் செடியில், கண் அவன் கூடையில். கங்காணி அந்தப் பக்கம் திரும்பினால் அவன் பறித்த காய்களைப் பொறுக்கி என் மடியில் போட்டுக்கொள்வேன்.

"அமுக்கிப் பாத்துப் பறிடா. மெத்துனு இருந்தாத்தான் பழம்."

"ஒவ்வொண்ணா அமுக்கிக்கிட்டு இருந்தா கூடை எப்பம்மா நெறையும்?"

அதுவும் நியாயம்தான். எனக்குத்தான் நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை.

ஒரு நாள் மழைத் தூறலில் கங்காணி எப்போது வந்தார் என்றே தெரியவில்லை. பொன்னையாவின் கூடையைப் பார்த்துவிட்டார்.

"என்னடா இது, பாதி காயாக் கெடக்கு? ஒனக்குக் கண்ணு இல்லியா? இந்தக் கொப்பப் பாரு, எப்படிச் செவந்து கெடக்குன்னு."

அவர் செடிக்குள் கையை நீட்டினார். பொன்னையா அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டான். கங்காணியைத் தொட்டுவிட்டானே என்று எனக்கு உயிரே போய்விட்டது.

"கைய வைக்காதீங்க கங்காணி. பாம்பு கெடக்கு."

எல்லாரும் எட்டிப் பார்த்தோம். எனக்கு இலைதான் தெரிந்தது. அவன் கம்பால் ஒரு தட்டுத் தட்டியதும் அந்த இலைகளில் பாதி நெளிந்தது. பச்சை விரியன்.

"எங்க யாருக்கும் தெரியலியேடா. ஒனக்கு மட்டும் எப்படி?" என்றார் கங்காணி.

"நெறத்த வச்சு எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. பழமும் காயும்கூட அப்படித்தான். ஆனா எலை நிக்கிறது ஒரு மாதிரி, பாம்பு கெடக்கிறது வேற மாதிரி. அது நல்லாவே தெரியும்."

இத்தனை நாள் நான் பொத்திப் பொத்தி வைத்ததை ஒரே மூச்சில் கொட்டிவிட்டான், பாவி. இன்றோடு தோட்டம் போயிற்று என்று நினைத்தேன். கங்காணி தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றார். பழக் காலத்தில் விரியன் கடித்துக் கை வீங்காத வருஷமே இங்கே இல்லை.

"இனி நீ பழம் பறிக்க வேணாம். காலையில எல்லாருக்கும் முன்னால மலையில ஏறி, ஒவ்வொரு செடியாக் கொப்ப வெலக்கிப் பாரு. முழுப்பேரு போடுறேன்" என்றார்.

பெண்களெல்லாம் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். "ஒங்க வம்சத்துக்குச் சாமி குடுத்த கண்ணு ரத்தினம்மா" என்றாள் பாலம்மா. அண்ணனை விரட்டிய அன்று சாபம் என்று சொன்னதும் இதே பாலம்மாதான். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?

மறுநாள் காலை மலையடியில் எல்லாரையும் நிறுத்தி வைத்தார் கங்காணி. பொன்னையா கம்போடு தனியாக ஏறினான். ஒரு கையால் கொப்பை விலக்கி, முகத்தைச் செடிக்குள் கொண்டுபோய்ப் பார்த்தான். பிறகு அடுத்த செடி. இப்படி எத்தனை ஆயிரம் செடி. ஒரே ஒரு பாம்பு அவன் கண்ணுக்குத் தப்பினால் போதும், கையில் போட்டுவிடும். எனக்குப் பொறுக்கவில்லை, கூடையைப் போட்டுவிட்டு அவன் பின்னாலேயே ஓடினேன்.

"நீ அங்கயே நில்லும்மா. ஒனக்குப் பாம்பு தெரியாது" என்றான், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

உண்மைதான். எல்லா நிறமும் தெரிகிற கண்ணை வைத்துக்கொண்டு, அந்தப் பச்சைக்குள் போய்ப் போய் வருகிற என் மகனின் கையை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றேன்.