சிவப்பு வராத படம்

தங்கை யார் சொன்னதையும் நம்பவில்லை. நாள் நிறைவதற்கு முன்பே அறுவை சிகிச்சை செய்து குழந்தையை எடுத்து, அவள் கண்ணில்கூடக் காட்டாமல் கண்ணாடிப் பெட்டிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அவளுக்கோ காய்ச்சல். குழந்தை இருந்த பிரிவுக்குள் அவளை விடவில்லை; அவள் படுத்திருந்த வார்டில் போனுக்கு அனுமதியில்லை.

"நல்லா இருக்கு, நல்லா இருக்குன்னு எல்லாரும் ஒரே மாதிரி சொல்றீங்களே, பேசி வச்சுக்கிட்டீங்களா?" என்று அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். இரண்டு வாய் கஞ்சிகூட இறங்கவில்லை.

நர்ஸ்தான் வழி சொன்னார். "போட்டோவா பிரிண்ட் போட்டு எடுத்துட்டு வாங்கம்மா. பிளாஸ்டிக் கவர்ல போட்டுக் குடுத்துடலாம். சாயங்காலம் பாக்கட்டும்."

அன்று விடுமுறை, கடைகள் மூடியிருந்தன. ஆனால் அக்காவுக்குத் தொழிலே கல்யாண ஆல்பம் செய்வதுதான். வீட்டுப் பின்னறையில் ஆறு மை போடும் போட்டோ பிரிண்டர் இருந்தது. கொஞ்ச காலமாக வெளியே கொடுத்து அச்சடித்து வாங்கியதால், அது துணி போர்த்திச் சும்மா கிடந்தது. துணியை எடுத்து, தூசி தட்டி, தங்கையின் கணவன் அனுப்பியிருந்த படத்தை அச்சுக்குக் கொடுத்தாள்.

வெளியே வந்த தாளைப் பார்த்ததும் விளக்கடிக்குக் கொண்டுபோய்ப் பிடித்தாள். குழந்தையின் உதடு, நெற்றி, விரல் நகம் எல்லாம் நீலம் பாரித்திருந்தன.

போன் திரையில் பார்த்தாள். அங்கே இளஞ்சிவப்பாகத்தான் இருந்தது. ஆனால் போன்கள் தாமாகவே நிறத்தைக் கூட்டிக் காட்டும் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். குழந்தையை அவளும் நேரில் பார்த்ததில்லை. உள்ளே போய்ப் பார்த்தவன் தகப்பன் ஒருவன்தான். அவனைக் கூப்பிட்டாள்.

"தம்பி, குழந்தை என்ன கலர்ல இருந்துச்சு?"

"கலரா? ஏன்க்கா?"

"இல்ல, நீலமா ஏதாவது..."

மறுமுனையில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. இணைப்பு அறுந்தது. திரும்பத் திரும்ப அடித்தும் அவன் எடுக்கவில்லை.

என்ன காரியம் செய்துவிட்டோம் என்று தலையில் அடித்துக்கொண்டவள், மைத்துளைகளைச் சோதிக்கும் கோட்டுத்தாளை அச்சடித்துப் பார்த்தாள். கறுப்பும் நீலமும் மஞ்சளும் முழுசாக விழுந்தன. சிவப்புக்கான மெஜந்தா அங்கங்கே அறுந்திருந்தது. வெளிர் மெஜந்தா இருந்த இடமே தெரியவில்லை. பிரிண்டரில் கோளாறு என்பது நிச்சயமாயிற்று. குழந்தைக்குக் கோளாறில்லை என்பது நிச்சயமாகவில்லை.

சுத்தம் செய்யும் பொத்தானை அழுத்தினாள். இயந்திரம் உறுமி ஓய்ந்தது. கோடுகள் கொஞ்சம் தேறின. பதற்றத்தில் மறுபடி, மறுபடி அழுத்தியதில் முன்பைவிட மோசமாயின. மைதான் வீணாகிக்கொண்டிருந்தது. கையை எடுத்துவிட்டு மூச்சை இழுத்துவிட்டாள்.

மையைத் தெளிக்கும் மைத்தலை மூலையிலிருந்து நகர்ந்த நேரம் பார்த்து மின்சாரத்தை நிறுத்தினாள். தலை வந்து அமரும் ரப்பர் மூடியில் மை காய்ந்து பாறையாக இறுகியிருந்தது. இஸ்திரிப் பெட்டிக்கென்று வைத்திருந்த டிஸ்டில்ட் வாட்டரில் பஞ்சுக்குச்சியை நனைத்து, கீறல் படாமல் துடைத்தாள். பிறகு நூல் பிரியாத துணியை நாடாவாக மடித்து, நனைத்து, அது ஓடும் பாதையில் வைத்து, மைத்தலையை மெல்ல அதன்மேல் தள்ளி நிறுத்தினாள். இனி ஊறும்வரை காத்திருக்க வேண்டியதுதான். அவசரப்பட்டு இழுத்தால் மைத்தலையே போய்விடும்.

அந்தக் காத்திருப்புதான் கொடுமை. போனைப் பார்த்தாள், துணியைப் பார்த்தாள், மறுபடி போனைப் பார்த்தாள். துணியின் ஓரத்தில் சிவப்பு மெல்லக் கசிந்து பரவியபோது போன் அடித்தது.

"என்னக்கா நீங்க! உயிரே போயிடுச்சு. செருப்பைக்கூட கழட்டாம உள்ள ஓடிட்டேன். நர்ஸ் கிழி கிழின்னு கிழிச்சுட்டாங்க."

"குழந்தை, தம்பி?"

"செவசெவன்னு இருக்கு. நான் போட்ட சத்தத்துல முழிச்சு அதுவும் கத்துது. எதுக்குக் கேட்டீங்க?"

"பிரிண்டர்ல சிவப்பு வரலப்பா."

"அக்கா, அதை முதல்லயே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?" என்றான். சிரித்தானா அழுதானா என்று தெரியவில்லை. அக்கா இங்கே இரண்டையும் செய்தாள்.

துணியை எடுத்துவிட்டுச் சோதித்தபோது ஒரு கோடு மட்டும் அறுந்திருந்தது. அதற்குள் மெஜந்தா தீரப்போகிறது என்று விளக்கு மினுக்கத் தொடங்கியது. இன்னொரு முறை சுத்தம் செய்தால் படத்துக்கு மை மிஞ்சாது. துணிந்து அச்சுக்குக் கொடுத்தாள். தாள் அங்குலம் அங்குலமாக வந்தது. நெற்றி சிவப்பு, கன்னம் சிவப்பு, கடைசியாகக் கால்கள். பிடித்திருந்த மூச்சை அப்போதுதான் விட்டாள்.

வார்டில் தங்கை படத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தாள்.

"கல்யாணப் பொண்ணுங்களுக்குப் பண்ற மாதிரி கலர் ஏத்தினியா?"

"சத்தியமா இல்லடி. இருக்கிறது இருக்கிறபடிதான்."

தங்கை படத்தைக் கண்ணருகே கொண்டுபோனாள். சட்டென்று போர்வையை விலக்கித் தன் காலை நீட்டினாள். அவளுடைய இரண்டாவது கால்விரல் கட்டைவிரல்மேல் லேசாக ஏறியிருக்கும். படத்திலும் அப்படித்தான் இருந்தது.

"என்னுதுதான்க்கா," என்றாள். அழுது முடித்து, கஞ்சி இருக்கிறதா என்று கேட்டாள்.

காய்ச்சல் விட்ட பிறகு சக்கர நாற்காலியில் உட்காரவைத்து அழைத்துப்போய்க் குழந்தையைக் காட்டினார்கள். திரும்பி வந்தவள் அக்காவிடம் சண்டைக்கு நின்றாள்.

"போட்டோவ ஏன் அவ்ளோ பெருசா அடிச்சே? உள்ளங்கை அளவுதான் இருக்கு என் பொண்ணு."